ஊர்ப்பணியிலேயே வாழ்ந்து மறைந்தவருக்கு நினைவு மலர்: எதைக் கேட்டு, எதை எழுதுவது?

கேள்வி: வெண்ணாற்றங்கரையான்

அனைவருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. என் பெரியப்பா சென்ற தை மாதம், எண்பத்தெட்டாவது வயதில் காலமானார். பஞ்சாயத்துத் தேர்தலில் ஒருமுறைகூட நிற்காதவர். ஆனால் வாய்க்கால் தூர் வாருவது, புயலடித்தால் பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டுவது, எழுத்தறிவு புகட்டிய அறிவொளி இயக்கக் காலத்தில் இரவு வகுப்புக்கு அரிக்கேன் விளக்கோடு போய் ஆட்களை அழைத்து வருவது என்று ஊர்ப்பொதுக் காரியம் எதுவானாலும் முதல் ஆளாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். தலைத்திவசத்துக்குள் ஒரு நினைவு மலர் கொண்டுவர ஊரார் விரும்புகிறார்கள்; எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. அச்சகத்தார் கொடுத்த மாதிரி மலர்களில் ‘தன்னலமற்ற தொண்டர்’, ‘சேவைச் செம்மல்’ என்றே பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. படத்தை மட்டும் மாற்றினால் அவை யாருக்கும் பொருந்தும். அவர் நாட்குறிப்பு எழுதியவரல்லர். ஊராரைக் கேட்டால் ‘தங்கமான மனுஷன்’ என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை. எப்படிக் கேட்டால் செய்தி கிடைக்கும்?

மறுமொழி: மன்னார்குடி ஓய்வாசிரியர்

‘அவர் எப்படிப்பட்டவர்’ என்று கேட்டால் அந்த ஒரு பதில்தான் வரும். புயலை வைத்துக் கேளுங்கள். நம் பகுதிப் பெரியவர்களுக்குத் தங்கள் பிறந்த ஆண்டு மறந்தாலும் புயல் மறக்காது. 1952 நவம்பர் புயலின்போது உங்கள் பெரியப்பா விடலைப் பையனாக இருந்திருப்பார். 1977 நவம்பரில் நாகப்பட்டினம் அருகே கரை கடந்த புயலின்போது நாற்பதை ஒட்டிய வயது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அறுபதைக் கடந்தவர். 2018 நவம்பர் 16 கஜா புயலின்போது எண்பதைத் தொட்டவர். ‘எழுபத்தேழு புயலன்று ராத்திரி அவர் எங்கே இருந்தார், மறுநாள் காலையில் முதலில் எந்தத் தெருவுக்குப் போனார்’ என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார், அந்த வாக்குவாதத்திலேயே உங்களுக்கு வேண்டியது வந்துவிடும்.

மறுமொழி: கடைமடை விவசாயி

தூர் வாரியதை ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கும், ஏன், இப்போதைய நம் பிள்ளைகளுக்குமே, அந்த வேலை என்னவென்று தெரியாது. ஆறுகளும் பெரிய வாய்க்கால்களும் முன்பு பொதுப்பணித் துறையின் பொறுப்பு, 2021 முதல் நீர்வளத் துறையின் பொறுப்பு. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சின்ன வாய்க்கால்களை ஊராரே வெட்டிச் சீர் செய்வதுதான் குடிமராமத்து. 1858இல் ஆங்கிலேயர் இதற்கென்று ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றினார்கள். 2017இல் அரசு அதே பெயரில் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பல ஊர்களில் உங்கள் பெரியப்பாவைப் போன்றவர்கள்தாம் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேட்டூர் அணை திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்கு எட்டுவதற்குள் வாய்க்காலில் மண்டிய காட்டாமணக்கையும் ஆகாயத்தாமரையையும் அகற்றி, வண்டலை அள்ளிக் கரையில் போட்டாக வேண்டும். இதில் மண்வெட்டி பிடிப்பது பெரிய காரியமன்று. வாய்க்காலின் தொடக்கத்தில் நிலம் உள்ள தலைமடைக்காரருக்கு வாய்க்கால் தூர்ந்திருந்தாலும் தண்ணீர் ஏறிவிடும், கடைமடைக்காரருக்குத்தான் ஏறாது. தனக்கு லாபமில்லாத வேலைக்குத் தலைமடைக்காரரை ஆள் அனுப்ப வைப்பதற்கு வீடு வீடாகப் போய்ப் பேசவும், சில இடங்களில் ஏச்சு வாங்கவும், மறுநாள் அதே திண்ணையில் மறுபடி போய் உட்காரவும் ஒருவர் வேண்டும். அவரோடு சண்டை போட்டவர்களையும் தேடிப் போய்க் கேளுங்கள். புகழ்கிறவர்களைவிட அவர்களுக்குத்தான் விவரம் நினைவிருக்கும்.

மறுமொழி: வேதாரண்யத்து வாசகி

இதுவரை எழுதிய மூவருமே உங்கள் பெரியம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் மூட்டிய அடுப்புக்கு முதல் நாள் அரிசி எந்த வீட்டிலிருந்து போனது? தூர் வார வந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சியது யார்? பெரியப்பா ஊர்வேலைக்குப் போன நாட்களில் சொந்த வயலுக்குக் களை எடுத்தது யார்?

கணவரோடு மனைவிக்கும் பெயர் கிடைத்த ஒரு கதையைச் சொல்கிறேன். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு அந்தப் பகுதிக்கு வந்து, நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுத் தருவதற்காக 1981இல் ‘லாப்டி’ அமைப்பைத் தொடங்கியவர்கள் காந்திய வழித் தம்பதியரான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். 2008இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவ்விருவருக்கும், அமைப்புக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. கிருஷ்ணம்மாள் தாமே களத்தில் நின்றவர் என்பதால் அது சாத்தியமாயிற்று. வீட்டுக்குள் இருந்து சுமந்தவர்களின் பெயர் மலரில் ‘அன்பு மனைவி’ என்ற இடத்தோடு நின்றுவிடுகிறது. உங்கள் மலரிலாவது பெரியம்மாவுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கட்டும். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள், தம்பி.

வெண்ணாற்றங்கரையான்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை பெரியம்மாவிடம் உட்கார்ந்தேன். எழுபத்தேழு புயலைப் பற்றித்தான் கேட்டேன். அவர் நேராக ஒரு பித்தளை அண்டாவுக்கு வந்துவிட்டார். தம் பிறந்த வீட்டுச் சீராக வந்த அந்த அண்டாவைப் பெரியப்பா பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், கஞ்சி காய்ச்சி முடிந்ததும், அரிசி தீர்ந்துபோன நிலையில் அதையே அடகு வைத்து மேலும் அரிசி வாங்கிவிட்டாராம். ‘மீட்டுத் தர்றேன்னு சொன்னவரு, கடைசி வரைக்கும் மீட்கவே இல்ல. எழுதுறதுன்னா அதையும் சேர்த்து எழுது’ என்றார். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பங்காளி ஒருவர், இதெல்லாம் மலருக்கு அழகா என்று முகம் சுளிக்கிறார், அவரைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். தலைமடைத் தெருவில் பெரியப்பாவோடு பல்லாண்டு பேச்சுவார்த்தை இல்லாமலிருந்த ஒரு பெரியவரிடம் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கடைமடை ஐயாவுக்கு ஒரு கேள்வி: பெரியப்பா தூர் வாரிய வாய்க்கால்களைக் குறித்து மலரில் ஒரு படம் போட விரும்புகிறேன். கிராம வரைபடத்தில் அவ்வளவு சின்ன வாய்க்கால்களும் இருக்குமா, அல்லது வரப்பில் நடந்து நாங்களே வரைந்துகொள்ள வேண்டுமா?

கடைமடை விவசாயி

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள வரைபடத்தில் புறம்போக்கு வாய்க்கால்கள் சர்வே எண்ணோடு இருக்கும். பட்டா நிலத்துக்குள் ஓடுபவை பெரும்பாலும் இருப்பதில்லை. அவற்றை நடந்துதான் வரைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப்போகும் அந்தப் பெரியவரையே உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.