நம்ம தெரு ஃபுட்பால் 💛 குரூப்

தினேஷ்: 1988 யூரோ கப் ஃபைனல்ல நெதர்லாந்து ஸ்ட்ரைக்கர் வான் பாஸ்டன் அடிச்ச கோல் கிளிப் பாத்தேன். அந்த ஆங்கிள்ல எப்படி உள்ள போச்சு? குருட்டு அடியா?

ரவி மாமா: குருட்டு அடி இல்லடா. அவர் டீம்மேட் ஆர்னல்ட் மூரன் இடது பக்கத்துல இருந்து உயரமா தூக்கிப் போட்ட கிராஸ் அது. வான் பாஸ்டன் வலது பக்க ஓரத்துல, கோல் லைனுக்குக் கிட்ட. கன்ட்ரோல் பண்ணியிருந்தா டிஃபெண்டர் வந்து அடைச்சிருப்பான். அதான் கீழ விழ விடாம நேரா அடிச்சார். பந்து சோவியத் கோல்கீப்பர் தசாயெவ் தலைக்கு மேல போய் அந்தப் பக்கம் உள்ள இறங்குச்சு.

செந்தில் அண்ணா: வாலியில, அதாவது பந்து கீழ விழறதுக்கு முன்னாடி அடிக்கிறதுல, எல்லாரும் பண்ற தப்பு, பந்து வர்ற வேகத்துக்குப் பயந்து பின்னாடி சாயுறது. சாஞ்சா பந்து வானத்துக்குப் போயிடும். இடுப்பைத் திருப்பி, தோளை பந்து பக்கம் வச்சு, கணுக்காலை இறுக்கி, பாத மேட்டால அடிக்கணும். வேகம் கிராஸ்லயே இருக்கு, பலமா வீச வேண்டியதில்லை.

தினேஷ்: சரி. அந்த டோர்னமெண்ட்ல வான் பாஸ்டன் மொத்தம் எத்தனை கோல்?

ரவி மாமா: 5. முதல் மேட்ச்ல சோவியத்கிட்ட 1-0 தோல்வி, அதுல இவர் சப்ஸ்டிட்யூட்தான்! ஜெர்சி நம்பர் 12. அடுத்து இங்கிலாந்துக்கு ஹாட்ரிக். செமில மேற்கு ஜெர்மனிக்கு எதிரா 88வது நிமிஷம், டிஃபெண்டர் கோலரை (Kohler) முந்திச் சறுக்கி அடிச்சது. என் கணக்குல அந்த கோல்தான் பெருசு, ஃபைனல் கோல் அழகு மட்டும்.

செந்தில் அண்ணா: மாமா ஆரம்பிச்சுட்டாரு 😄

தினேஷ்: அப்புறம் ஏன் 30 வயசுல ரிட்டயர்?

கவிதா அக்கா: கணுக்கால். மூட்டு எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, தேஞ்சா திரும்ப வளராது. ஆபரேஷன் பண்ணி உடைஞ்ச துண்டை எடுக்கலாம், மெத்தை மாதிரி இருக்கிற அந்தக் குருத்தெலும்பைத் திருப்பி வைக்க முடியாது. வலி அடக்கி ஆடினா இன்னும் தேயும்.

ரவி மாமா: தொடக்கம் 86 டிசம்பர், நெதர்லாந்து கிளப் அயாக்ஸ்ல இருக்கும்போதே. குரோனிங்கன் மேட்ச்ல பந்தைப் பறிக்க அவரே போட்ட டாக்கிள்ல அடி. ஓய்வு எடுக்காம ஆடினார். 87 மே மாசம் ஏதன்ஸ்ல ஐரோப்பிய கிளப்புகளோட கப் வின்னர்ஸ் கப் ஃபைனல், லைப்சிக்குக்கு எதிரா ஒரே கோல் இவரோட ஹெட்டர். அடுத்து போன இத்தாலி கிளப் மிலான்ல முதல் சீசன் லீக்ல 11 மேட்ச்தான்.

செந்தில் அண்ணா: அப்போ பின்னாடி இருந்து வர்ற டாக்கிளுக்கு பெரும்பாலும் மஞ்சள் அட்டைதான். 98 உலகக் கோப்பைலதான் நேரா சிவப்புன்னு கறாராச்சு. அதுக்குள்ள இவர் ரிட்டயர் ஆயிட்டார்.

தினேஷ்: கோல் கணக்கு?

ரவி மாமா: அயாக்ஸ் லீக்ல 133 மேட்ச்ல 128 கோல். 85-86ல மட்டும் 26 மேட்ச்ல 37. மிலான் லீக்ல 147ல 90. 92 நவம்பர்ல கோதன்பர்க்குக்கு ஒரே மேட்ச்ல 4. அடுத்த மாசமே திரும்ப ஆபரேஷன்.

கவிதா அக்கா: கடைசி மேட்ச் 93 மே 26, மார்செய்கிட்ட மிலான் தோத்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். 28 வயசு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் சிகிச்சை, 95 ஆகஸ்ட்ல அறிவிச்சார்.

தினேஷ்: 90 உலகக் கோப்பைல?

ரவி மாமா: ஒரு கோலும் இல்ல. 92 யூரோலயும் இல்ல. டென்மார்க்கோட செமி ஷூட்அவுட்ல இவர் பெனால்டியை அவங்க கோல்கீப்பர் ஷ்மைக்கல் தடுத்துட்டார்.

செந்தில் அண்ணா: தினேஷ், நாளைக்கு கிரவுண்டுக்கு வா. கிராஸ் நான் போடறேன், ஷூ லேஸை இறுக்கிக் கட்டிட்டு வா.