ஜெமினிட் விண்கல் பொழிவு: மணிக்கு 120 தெரியுமா?

கேள்வி (புதுவான்): டிசம்பர் 13 இரவு ஜெமினிட் உச்சம், மணிக்கு 120 விண்கற்கள் என்று எங்கும் போடுகிறார்கள். உண்மையில் எத்தனை தெரியும்? எந்தத் திசையில், எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும்? கேமரா வைத்தால் என்ன செட்டிங்?

இரவுக்கண்: 120 என்பது ரேடியன்ட் (விண்கற்கள் கிளம்பி வருவதுபோல் தெரியும் புள்ளி) நேர் உச்சியில் நிற்க, 6.5 ஒளித்தரம் (எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல்) வரை நட்சத்திரம் தெரியும் வானத்துக்கான கணக்கு. 5.5 வரை மட்டும் தெரிந்து, ரேடியன்ட் 30 பாகை உயரத்தில் இருந்தால் மணிக்கு 23தான். 4 வரை மட்டும் தெரியும் நகர வானத்தில், அது உச்சிக்கே வந்தாலும் 11. நேரம், திசை எல்லாம் பிறகு. முதலில் இருட்டைத் தேடுங்கள்.

இருட்டைச் சோதிக்கக் கார்த்திகை மீன்கள் போதும். ஆறாவது மீனின் ஒளித்தரம் 4.3. ஆறையும் பிரித்து எண்ண முடியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். ஏழு, எட்டு தெரிந்தால் 5-ஐத் தாண்டிய நல்ல வானம்.

ரேடியன்ட், புனர்பூசத்தின் காஸ்டர் நட்சத்திரம் அருகே. இரவு 2 மணியை ஒட்டி அதிக உயரத்துக்கு வரும். ஆனால் அதையே உற்றுப் பார்க்காதீர்கள். அங்கே தோன்றுபவை நம்மை நோக்கி வருவதால் கோடு குட்டையாக இருக்கும். 40 பாகை தள்ளி, வானில் பாதி உயரத்துக்கு மேல், இருட்டான பக்கம் பாருங்கள். சாய்வு நாற்காலி அவசியம், கழுத்து வலித்தால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. பைனாகுலர் வேண்டாம், பார்வைப் பரப்பு குறுகிவிடும்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை மொபைல் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

நீள்வெளிச்சம்: கேமராவுக்கு: 14–24 மிமீ லென்ஸ், எஃப் 2.8 அல்லது அதைவிட அகலத் திறப்பு, ஐஎஸ்ஓ 3200, 15 விநாடி. 30 விநாடி வைத்தால் விண்கல் கூடுதல் பிரகாசமாகப் பதியும் என்று நினைப்பது தவறு. அது ஒரு பிக்சலைக் கடப்பது நொடியில் சிறு பங்கு, அதனால் பின்னணி வானம் மட்டுமே வெளுக்கும். கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிப்பவை திறப்பும் ஐஎஸ்ஓவும்.

‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ அணைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே அளவு நேரம் கேமரா வானத்தைப் பார்க்காது, பாதி இரவு வீண். லைவ் வியூவில் பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, வளையத்தில் டேப் ஒட்டுங்கள். லென்ஸில் பனி படிந்தால் துடைக்காதீர்கள், ஃபோகஸ் நகரும். ஹீட்டர் பட்டையை ஆரம்பத்திலேயே கட்டிவிடுங்கள்.

புதுவான்: நன்றி. 13 அன்று மேகம் என்றால் முந்தைய இரவா, அடுத்த இரவா? பார்த்தது ஜெமினிட்தான் என்று எப்படி உறுதி செய்வது?

இரவுக்கண்: முந்தைய இரவு. ஜெமினிட் மெல்ல ஏறி, உச்சத்துக்குப் பிறகு சட்டென்று இறங்கும். அடையாளத்துக்கு, கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். காஸ்டர் பக்கம் போய்ச் சேர வேண்டும். வேகமும் பொருந்த வேண்டும்: ஜெமினிட் விநாடிக்கு 35 கிமீ, ஆகஸ்ட் மாத விண்கல் பொழிவான பெர்சீடின் 59-ஐவிட நிதானம், கண்ணால் தொடர முடியும். காஸ்டர் திசையிலிருந்து வந்தாலும் மின்னலாக மறைந்தால் அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.