குழுக் கூட்டத்தில் வாய் திறக்காத தெமியார் பையன்: பாட்டிக்கு என்ன பதில் சொல்வது?

செந்தூல்காரி:

கோலாலம்பூரில் குடிநோயாளிகளுக்கான இல்லம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். கிளந்தான், குவா மூசாங் உட்புறத்திலிருந்து வந்த, தெமியார் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த பையன் ஒருவன் ஏழு வாரமாக எங்களிடம் இருக்கிறான். வயது 22. லாரியில் சுமை ஏற்ற வந்த இடத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் பழகிவிட்டது.

தினமும் காலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். நம் ஆட்கள் வாயைத் திறந்தால் மூட மாட்டார்கள். அப்பாவில் தொடங்கி மாமியார் வரை இழுத்து, அழுது முடிப்பார்கள். இவன் தரையைப் பார்த்தபடி நாற்காலியின் விளிம்பை விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். கோப்பில் மூன்று முறை 'ஒத்துழைப்பு இல்லை' என்று பதிவாகியிருக்கிறது. அதில் ஒன்று என் கையெழுத்து.

போன ஞாயிறு அவன் பாட்டி இரவு பஸ் பிடித்து வந்தார், ஒரு பை மரவள்ளிக்கிழங்கோடு. பையனின் உயிர் உடம்பை விட்டு எங்கோ அலைகிறது, ஊரில் செவாங் என்ற பாட்டும் ஆட்டமுமான சடங்கு வைத்துத்தான் அதை அழைக்க வேண்டும், நான்கு நாள் அனுப்புங்கள் என்று தட்டுத்தடுமாறி மலாயில் கேட்டார். மேலாளர், 'பேயோட்டுவதற்கெல்லாம் விடுப்பு கிடையாது' என்று முடித்துவிட்டார். தைப்பூசத்துக்கு மூன்று நாள் விடுப்பு எடுக்கிறவர் அவர்.

பாட்டிக்காக வாதாடலாமா? எதைச் சொல்லி வாதாடுவது?

தண்ணீர்மலை அடிவாரம்:

அம்மா, நான் குடித்தவன். பினாங்கில் மூட்டை தூக்கிய காலத்தில் தைப்பூசத்துக்குக் காப்புக் கட்டி 48 நாள் விரதம் இருப்பேன். ஒரு சொட்டு தொட மாட்டேன். காவடி இறக்கிய மூன்றாம் நாள் மறுபடி கடையில் நிற்பேன். பதினோரு வருடம் இப்படியே போனது. முருகன் மேல் குற்றமில்லை. அந்த 48 நாளும் மனைவி எனக்கென்று தனி அடுப்பு மூட்டினாள், பக்கத்து வீட்டுக்காரன் என் கண்முன்னே புட்டியைத் திறக்க மாட்டான், மாலையானால் பையன்கள் பஜனைக்கு இழுத்துப்போவார்கள். காப்பு அவிழ்ந்ததும் எல்லோரும் அவரவர் பாட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். செவாங் முடிந்த மறுநாள் காலை பையன் யாரோடு இருப்பான், என்ன வேலைக்குப் போவான் என்று பாட்டியிடம் கேளுங்கள்.

இன்னொன்று. ஊரில் மறுபடி நாள்கணக்கில் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. எனக்கு ஒரு முறை இரண்டாம் நாளே வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். கை நடுங்கினாலோ, இல்லாத பூச்சி சுவரில் ஊர்ந்தாலோ முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் மற்றது.

வான்கூவர் தாதி:

அக்கா, பிறந்தது ஜார்ஜ்டவுன். இப்போது கனடாவில் வேலை. இங்கே மேற்குக் கரைப் பூர்வகுடிகளின் பாட்லாட்ச் விருந்துச் சடங்கை 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டே தடுத்தார்கள். பிள்ளைகளைப் பிரித்து உறைவிடப் பள்ளிகளில் வைத்து, தாய்மொழி பேசினால் அடித்தார்கள். இன்று அதே மக்களின் மறுவாழ்வு இல்லங்களில், சூடான கற்களின் ஆவியில் அமர்ந்து வேண்டும் வியர்வைக் குடில் இருக்கிறது, ஊர் மூத்தவர்கள் இருக்கிறார்கள், மருத்துவரும் இருக்கிறார்.

உங்கள் மேலாளர் ஆதாரம் கேட்பார். சாண்ட்லர், லலோண்ட் என்ற இருவர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஏறக்குறைய 200 பூர்வகுடிச் சமூகங்களை ஒப்பிட்டு 1998இல் எழுதினார்கள். ஐந்தாண்டுக் காலத்தில் பாதிக்கு மேற்பட்ட சமூகங்களில் இளைஞர் தற்கொலை ஒன்றுகூட இல்லை. பள்ளி, மருத்துவம், நிலம், சடங்கு நடத்தும் இடம் எல்லாம் எவ்வளவுக்குத் தங்கள் கையில் இருந்தனவோ அவ்வளவுக்குத் தற்கொலை குறைவாக இருந்தது. ஆகவே செவாங்கை மட்டும் மருந்துபோல் எடுத்துவைத்து வாதாடாதீர்கள். காடு வெட்டப்படுவதை எதிர்த்துக் குவா மூசாங்கில் மறியல் செய்தவர்கள் தெமியார் மக்கள். பையனின் கதையும் அந்தக் காட்டோடு சேர்ந்ததாக இருக்கலாம்.

நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. தீபகற்பத்துப் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களுக்கான கோம்பாக் மருத்துவமனையில் நோயாளியோடு குடும்பமே வந்து தங்க இடம் கொடுத்தார்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: இல்லத்து மண்டபத்தில் செவாங் 'நிகழ்ச்சி' வைத்துவிடாதீர்கள். பேராக் மாநிலத்தின் கிரீக் பக்கம் ஒரு முறை பார்த்திருக்கிறேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, நெட்டை ஒன்று குட்டை ஒன்றாக மூங்கில் குழாய்களைக் கட்டையின் மேல் இடிப்பார்கள். விடிய விடிய அந்தத் தாளம்தான். பையன் விரலால் தட்டுவது அதுவோ என்னவோ.

செந்தூல்காரி:

மேலாளரிடம் கோம்பாக் கதையைச் சொன்னேன். கொஞ்சம் இறங்கி வந்தார்: ஆண் உறவினர் யாராவது கையெழுத்துப் போட்டால் இரண்டு நாள் தரலாமாம். போக வரவே ஒரு நாள் ஆகிவிடும்; இன்னும் பேசுகிறேன்.

ஐயா சொன்ன கேள்வியைப் பாட்டியிடம் போனில் கேட்டேன். 'மாமனோடு ரப்பர் வெட்டப் போவான்' என்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, 'மாமனும் குடிப்பான்' என்றார். கையெழுத்துப் போட இருப்பவர் அந்த மாமன்தான்.

தங்கச்சி, மூங்கில் தாளமா என்று பையனிடமே கேட்டுவிட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நாற்காலியில் விரிசல் இருக்கிறது, உட்கார்ந்தால் தொடையைக் கடிக்கிறது, அதை விரலால் அழுத்திப் பிடிக்கிறேன் என்றான். திருப்பிப் பார்த்தேன், உண்மைதான். ஏழு வாரம் அதே நாற்காலி.

இன்று காலை அவன் தரையில் உட்கார்ந்தான். நானும் இறங்கி உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள். தைப்பிங்காரர் மட்டும் முட்டிவலி என்று நாற்காலியிலேயே இருந்துகொண்டார்.