மீனாவை வரைந்தது மணிலாவில், இதில் நமக்கென்ன பெருமை?

புதுகை வாத்தியார் (இரவு 8:14)
நேற்று பழைய தொலைக்காட்சி நினைவுகள் இழையில் ஒரு தம்பி எழுதியிருந்தார்: "குழந்தைகளுக்கும் உரிமை உண்டு என்று தெற்காசியாவுக்கே சொல்லிக்கொடுத்தது மீனா கார்ட்டூன்தான்." படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 90களில் வங்கதேசம், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் என்று ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் சுற்றுக்கு விட்ட கார்ட்டூன் அது. ஒன்பது வயது கிராமத்துச் சிறுமி, அவள் தம்பி ராஜு, மிட்டு என்று ஒரு பச்சைக்கிளி. பெண் குழந்தை பள்ளிக்கூடம் போக வேண்டும், சின்ன வயதில் கல்யாணம் கூடாது, இந்த மாதிரி. நல்ல விஷயம்தான், யார் இல்லை என்றது? ஆனால் முதல் படங்களை எங்கே வரைந்தார்கள் தெரியுமா? மணிலாவில். பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா. டாம் அண்ட் ஜெர்ரி கம்பெனிக்கு அங்கே ஒரு ஸ்டூடியோ இருந்தது, அதில்.

1991இல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது நாங்கள் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். வீதி நாடகம் போட்டோம், பாட்டுப் பாடினோம். வாடகை சைக்கிள் எடுத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். பிரச்சாரம் என்றால் அது. மணிலாவில் வரைந்து கேசட்டில் போட்டு அனுப்புவதற்கு வேறு பெயர் வையுங்கள்.

வடசென்னை85 (இரவு 8:31)
டாம் அண்ட் ஜெர்ரி எம்ஜிஎம் கம்பெனியுடையது ஐயா. அதை உருவாக்கிய ஹன்னா, பார்பெரா இரண்டு பேரும் அங்கே வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார்கள். ஸ்கூபி டூ கம்பெனி என்று எழுதியிருந்தால் சரி.

புதுகை வாத்தியார் (இரவு 8:33)
ஸ்கூபியோ டூவோ, மணிலாதானே?

டாக்கா ரிட்டன் (இரவு 8:50)
வாத்தியாரே, அந்தத் தம்பி நான்தான். தம்பி என்றதற்கு நன்றி, எனக்கு 51 வயது.

டாக்காவில் பன்னிரண்டு வருடம் கார்மென்ட்ஸ் வேலையில் இருந்தவன். அங்கே மீனாவைத் தெரியாத பிள்ளையைப் பார்க்க முடியாது. எங்கள் ஃபேக்டரி வாசலில் டீக்கடைக்காரர் தன் மகளுக்கே மீனா என்று பெயர் வைத்திருந்தார். நீங்கள் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். மணிலாவில் போனது முதல் சில படங்கள் மட்டும்தான். மற்றதெல்லாம் மும்பையில் ராம் மோகன் ஸ்டூடியோவில் உருவானவை. மீனாவுக்கு உருவம் கொடுத்ததும் ராம் மோகன்தான். படம் எடுப்பதற்கு முன்னால் நான்கு நாட்டுக் கிராமங்களிலும் பெரியவர்களையும் பிள்ளைகளையும் உட்காரவைத்து, வரைந்த உருவத்தைக் காட்டி, கதையைச் சொல்லி, "இவள் உங்கள் ஊர்ப் பெண் மாதிரி இருக்கிறாளா" என்று கேட்டு மாற்றி மாற்றி எழுதினார்கள். எந்த ஊர்க்காரரும் அந்நியம் என்று தள்ளிவிடக் கூடாதென்றுதான் அந்த நீளப் பாவாடையும் சட்டையும். மீனா என்ற பெயரும் அப்படித்தான், எல்லை தாண்டினாலும் ஒட்டிக்கொள்ளும். தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கின் நாடுகள் 1991 முதல் 2000 வரை பெண் குழந்தைகளுக்கான பத்தாண்டு என்று அறிவித்திருந்தன, அதற்காகச் செய்த வேலை இது. எங்கோ வரைந்து இங்கே தள்ளிவிட்ட சரக்கு இல்லை.

புதுகை வாத்தியார் (இரவு 8:58)
"முதல் சில படங்கள் மட்டும்தான்." நன்றி. மணிலா என்று நீங்களே ஒத்துக்கொண்டாயிற்று.

அகராதி (இரவு 9:05)
ஒரு சின்ன வேண்டுகோள். முதலில் குழந்தை என்றால் யார், உரிமை என்றால் என்ன என்று முடிவு செய்துகொண்டு பேசலாமே? 1989 ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் முதல் பிரிவு 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லும் உரிமை. 28 கல்வி, 31 விளையாட்டு. இந்தியா 1992 டிசம்பரில் சேர்ந்தது. இதில் எதைப் பற்றிப் பேசுகிறோம்?

காரைக்குடியான் (இரவு 9:11)
ராம் மோகன் யார் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் வாங்கியவர். மேல்படிப்புக்கு பம்பாய் போய், அதைப் பாதியில் விட்டு, 1956இல் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். 2014இல் பத்மஸ்ரீ. ஆக, மீனா நம்ம ஊரில் படித்தவர் கையில் பிறந்தவள். மணிலாவாம் மணிலா.

புதுகை வாத்தியார் (இரவு 9:15)
சென்னையில் படித்தால் நம்ம ஊர்க்காரரா? எங்கள் கல்லூரியில் நைஜீரியாக்காரர் ஒருவர் என்னோடு படித்தார். அவர் ஊர் அறந்தாங்கியா?

காரைக்குடியான் (இரவு 9:17)
உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு மஞ்சுவிரட்டு இழையில் நான் தேதியைத் திருத்தியதிலிருந்து நான் எது சொன்னாலும் உங்களுக்குக் கசக்கிறது.

புதுகை வாத்தியார் (இரவு 9:18)
அந்தத் தேதி இன்னும் தப்புதான். அதை விடுங்கள். மணிலாவுக்கு வாருங்கள்.

ஈரோட்டு அக்கா (இரவு 9:40)
ஆம்பிளைகள் எல்லோரும் ஸ்டூடியோ முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது பேசினீர்களா?

மாம்பழம் பங்கு போடும் கதை ஒன்று உண்டு. ராஜுவுக்குப் பெரிய துண்டு, மீனாவுக்குச் சின்னது. பையன் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. மீனா கேள்வி கேட்கிறாள். கடைசியில் இருவரும் ஒரு நாள் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். அவள் நாள் பூராவும் எவ்வளவு வேலை செய்கிறாள் என்று ராஜுவுக்கு அன்றைக்குத்தான் உறைக்கிறது. ஹைதராபாத்தில் இருந்தபோது மகளோடு உட்கார்ந்து இந்தியில் பார்த்தேன். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எங்கள் வீட்டில் முட்டை. ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு முழு முட்டை, எனக்கும் தங்கச்சிக்கும் ஒன்றை நூல் வைத்து அறுத்து ஆளுக்குப் பாதி. எங்கம்மா கெட்டவள் இல்லை. அவளுக்கு அவள் வீட்டில் அந்தப் பாதியும் இல்லை. "ஏம்மா அவனுக்கு மட்டும்" என்று கேட்கலாம் என்பதே எனக்கு அந்த வயதில் தெரியாது. ஒரு கார்ட்டூன் பெண் அதைக் கேட்கிறாள். எந்த ஊரில் வரைந்தால் எனக்கென்ன? எங்கள் வீட்டு முட்டையையும் மணிலாவிலா அறுத்தார்கள்?

பெட்டிக்கடை (இரவு 9:44)
அக்கா அடித்த அடியில் வாத்தியார் மணிலாக் கொட்டையாய் உடைந்தார்.

புதுகை வாத்தியார் (இரவு 9:52)
அக்கா, நீங்கள் சொன்னது மனசைத் தொட்டது, மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்பதே அதுதான். உங்கள் வீட்டு முட்டைக் கதையை வைத்து நாடகம் போட்டிருந்தால் ஈரோட்டில் எத்தனை அம்மாக்கள் அழுதிருப்பார்கள்! அதற்கு ஏன் மணிலா போக வேண்டும்? நாங்கள் மாத்தூர் பக்கம் ஒரு ஊரில் நாடகம் முடித்ததும் ஒரு கிழவி எழுந்து வந்து என் கையிலிருந்த சிலேட்டைப் பிடுங்கித் தன் பேரைக் கிறுக்கினாள். கார்ட்டூன் பார்த்து யாராவது எழுந்து வருவார்களா? டிவிப் பெட்டிக்கு நீங்கள் சொல்வது கேட்குமா?

வடசென்னை85 (இரவு 9:58)
ஐயா, அறிவொளி பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த இயக்கம். நீங்கள் சொன்ன உதாரணமே கிழவி. குழந்தைகள் உரிமைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

புதுகை வாத்தியார் (இரவு 10:01)
அம்மா படித்தால் பிள்ளை படிக்கும். இது தெரியாதவரோடு என்ன பேச? மணிலாவுக்கு மட்டும் பதில் இல்லை பார்த்தீர்களா.

காவிரிக்கரை (இரவு 10:06)
முட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. எம்ஜிஆர் 1982இல் சத்துணவு கொண்டுவந்ததுதான் இந்த நாட்டில் குழந்தைகள் உரிமைக்கு நடந்த பெரிய காரியம். கார்ட்டூன் காட்டியா பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தார்? சோறு போட்டார்.

விருதுநகர்_வெயில் (இரவு 10:08)
சோறு போட்டது காமராசர். 1956. எம்ஜிஆர் விரிவாக்கினார், அவ்வளவுதான்.

வடசென்னை85 (இரவு 10:10)
ரெண்டு பேரும் கொஞ்சம் பின்னால் போங்கள். 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக்காரர்கள் போட்டுவிட்டார்கள், ஆயிரம் விளக்கில். தட்டில் முட்டை வந்தது 1989இல், கலைஞர்.

காவிரிக்கரை (இரவு 10:11)
இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. அதற்கு இவ்வளவு விளம்பரம்.

ஈரோட்டு அக்கா (இரவு 10:13)
நான் சொன்ன முட்டையைப் பிடுங்கிக் கட்சி ஆபீசுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். ரொம்ப சந்தோஷம்.

டாக்கா ரிட்டன் (இரவு 10:30)
விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வருகிற பிரச்சாரம் எல்லாம் ஒன்றல்ல. 90களின் தொடக்கத்தில் அமெரிக்க செனட்டர் ஹார்க்கின், குழந்தைகள் செய்த பொருளை இறக்குமதி செய்யக் கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. ஆனாலும் டாக்கா முதலாளிகள் பயந்துபோய்ப் பிள்ளைகளை ஒரே மூச்சில் வெளியே அனுப்பினார்கள். ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர், அதிகமும் பெண் பிள்ளைகள் என்று யுனிசெஃபே பிறகு எழுதியது. பலர் கல் உடைக்கவும், தெருவில் விற்கவும், அதைவிட மோசமான இடங்களுக்கும் போனார்கள். அப்புறம்தான் 1995 ஜூலையில் கார்மென்ட்ஸ் முதலாளிகள் சங்கம், ஐஎல்ஓ என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் மூன்றும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன: பள்ளியில் இடம் தயாராகும் வரை பிள்ளையை வெளியே அனுப்பாதே, சேர்ந்த பிறகு மாதா மாதம் உதவித்தொகை கொடு. நான் போன சமயத்தில் எங்கள் ஃபேக்டரியிலேயே அப்படி வெளியே போனவர்கள் வளர்ந்து மறுபடி மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சொன்னாள், "படிக்கணும்னு மீனா சொன்னா, போன்னு முதலாளி சொன்னான். எங்கே போறதுன்னு யாரும் சொல்லல."

ஊர் ஆட்களைக் கேட்காமல் செய்ததற்கும் கேட்டுச் செய்ததற்கும் உள்ள வித்தியாசம் இது. மீனா கேட்டுச் செய்தது.

புதுகை வாத்தியார் (இரவு 10:37)
ஆஹா! இதைத்தான் நான் மூன்று மணி நேரமாகச் சொல்கிறேன். வெளியிலிருந்து வந்தால் இப்படித்தான் ஆகும். என் கட்சிக்கு வந்ததற்கு நன்றி தம்பி, 51 வயதுத் தம்பி.

டாக்கா ரிட்டன் (இரவு 10:38)
நான் எங்கே உங்கள் கட்சிக்கு வந்தேன்? கடைசி வரியைப் படித்தீர்களா?

புதுகை வாத்தியார் (இரவு 10:39)
படித்தேன். அந்தப் பெண் சொன்னதையும் படித்தேன். கேட்டுச் செய்தார்களாம், அப்புறம் எடுத்துக்கொண்டு மணிலாவுக்குப் போனார்களாம்.

அகராதி (இரவு 10:45)
மறுபடி கேட்கிறேன். அந்த உடன்படிக்கைப்படி 14 வயதுக்கு மேல் வேலைக்குப் போகிற பிள்ளையும் குழந்தைதான். அதை இங்கே யாராவது

அகராதி (இரவு 10:46)
பாதியில் போய்விட்டது. சரி விடுங்கள், யாரும் படிக்கப் போவதில்லை.

காரைக்குடியான் (இரவு 10:52)
மீனாவுக்கு முன்கை எடுத்தவர் நீல் மெக்கீ, கனடாக்காரர், டாக்கா யுனிசெஃபில் தகவல் தொடர்புப் பிரிவைப் பார்த்தவர். பின்னால் நைரோபி போய் ஆப்பிரிக்காவுக்கு சாரா என்று ஒரு பெண்ணை உருவாக்கினார்கள். கிளிக்குப் பதில் குரங்கு. ஒரு வட்டாரத்தில் பிடித்ததை இன்னொரு வட்டாரம் அதன் மண்ணுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்கிறது. ஆனாலும் மூலம் ராம் மோகன், சென்னைப் பல்கலைக்கழகம்.

புதுகை வாத்தியார் (இரவு 10:55)
முதலில் மணிலா, இப்போது கனடா, நைரோபி. உலக வரைபடம் முடிந்ததும் சொல்லுங்கள், புதுக்கோட்டை எங்கே வருகிறது என்று பார்க்கிறேன். கிளியை எடுத்துவிட்டுக் குரங்கை வைத்தால் அது நைரோபி மண்ணா?

பெட்டிக்கடை (இரவு 10:57)
கிளிதான் படத்தில் எனக்குப் பிடித்த ஆள். வீட்டு வேலையில் மாட்டிக்கொண்ட மீனா கிளியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் பாடம் கேட்டு வரச் சொல்வாள். அதை வைத்தே எண்ணக் கற்று, கோழி ஒன்று குறைவதைக் கண்டுபிடித்துத் திருடனை மாட்டிவிடுவாள். இந்த இழைக்கும் ஒரு கிளியை அனுப்பியிருந்தால் "மணிலா மணிலா" என்று கற்றுக்கொண்டு வந்திருக்கும்.

புதுகை வாத்தியார் (இரவு 11:02)
சிரியுங்கள். 1991இல் எங்களையும் இப்படித்தான் சிரித்தார்கள், "கூத்தாடி வாத்தியார்" என்று. அன்றைக்கு சைக்கிள் பழகிய ஒரு பெண் இப்போது பேத்தியை ஸ்கூட்டரில் பள்ளிக்கு விடுகிறாள். போன வாரம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். அதை எந்த ஸ்டூடியோ வரைந்தது?

ஈரோட்டு அக்கா (இரவு 11:06)
அந்தப் பேத்திக்கு வீட்டில் முட்டை முழுசாகக் கிடைக்கிறதா என்று கேட்டீர்களா?

புதுகை வாத்தியார் (இரவு 11:09)
அக்கா, பேச்சை மாற்றாதீர்கள்.

காவிரிக்கரை (இரவு 11:10)
1982 சத்துணவு பற்றி நான் எழுதியதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

விருதுநகர்_வெயில் (இரவு 11:10)
1956.

டாக்கா ரிட்டன் (இரவு 11:15)
வாத்தியாரே, நாளை அந்த மாம்பழப் படத்தை யூடியூபில் ஒரு தடவை பாருங்கள். பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

புதுகை வாத்தியார் (இரவு 11:17)
பார்க்கிறேன். அது எங்கே வரைந்த படம் என்று மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.