ஒற்றைப்படை ரிங், துருத்தும் ஓரம்: வீட்டில் ஸ்கிரீன் தைக்கிறவங்க அனுபவம்

ஊசிமுனை
ஆல்ட்டருக்கு வந்த ஐலெட் ஸ்கிரீன் (மேல் பட்டியில வட்ட ரிங் பதிச்சு, அது வழியா கம்பியைக் கோக்கிற திரைச்சீலை) ஒண்ணு இன்னும் மேஜையிலயே கிடக்கு. தையல்ல குறை இல்ல. கம்பியில மாட்டினா இடது ஓரம் சுவர்ப் பக்கம் ஒழுங்கா மடங்குது, வலது ஓரம் மட்டும் ஹாலுக்குள்ள துருத்திக்கிட்டு நிக்குது. தாண்டிப் போறவங்க தோள்ல உரசும். எண்ணினா 9 ரிங்!

ஒவ்வொரு ரிங்லயும் துணி கம்பியைத் தாண்டிப் பக்கம் மாறுது. 8 தடவை மாறினா ரெண்டு ஓரமும் சுவரைப் பார்க்கும். 9 தடவைன்னா ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய. தைச்சு முடிச்ச அகலம் 48 இஞ்ச்னா ரெண்டு ஓரத்துலயும் 2 இஞ்ச் விட்டு, மீதி 44-ஐ 8 ரிங்குக்கு 7 இடைவெளியாப் பிரிங்க. ரிங் நடுவுக்கு நடு 6¼ இஞ்ச் சொச்சம் வரும்.

ஓட்டை போட்ட துணியை ஒட்டவா முடியும்? கடைசி ரிங்கோட ஓரத்தை வெட்டி மறுபடி மடிச்சு அடிக்கணும், அகலம் 42 சொச்சமா குறையும். இதை ஸ்கிரீன் கொடுத்தவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசனை.

கரூர்த்தறி
ரிங் கணக்கெல்லாம் அப்புறம் சார். துணியை நனைச்சாங்களா, அதைக் கேளுங்க. முதல் சலவையில ஜன்னல் விளிம்புக்கு மேல ஏறி நிக்கிற காட்டன் ஸ்கிரீனை எத்தனை வீட்டுல பார்க்கிறோம்!

84 இஞ்ச் ஸ்கிரீனுக்கு மேல கேன்வாஸ் (தலைப்பட்டி விறைப்பா நிக்க உள்ள வைக்கிற துணி) மடிப்பு 4½, கீழ இரட்டை மடிப்பு 8, ஆக 96½. காட்டன் 5% சுருங்கும்னு வெச்சா 102 இஞ்ச், அதாவது 2.6 மீட்டர் வாங்கணும். சோப்பு போடாம ராத்திரி முழுக்க ஊற வெச்சு, பிழியாம நிழல்ல காய வெச்சு, ஈரப்பதம் இருக்கும்போதே அயர்ன் பண்ணுங்க. ஒட்டுற கேன்வாஸையும் வெதுவெதுப்பான தண்ணியில முக்கி எடுங்க. துணி ஒரு அளவும் கேன்வாஸ் ஒரு அளவும் சுருங்கினா தலைப்பட்டி முழுக்க கொப்புளம் கொப்புளமா எழும்பும். பாலியஸ்டருக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம்.

நூல்பிடி
கரூர்த்தறி, நனைச்சா மட்டும் போதாது. காய்ஞ்ச துணியை எல் ஸ்கேல் வெச்சு வெட்டினா மாட்டின ரெண்டு மாசத்துல ஒரு கீழ்மூலை தொங்கும், இன்னொண்ணு தூக்கும். இழை கோணலா இருந்ததுதான் காரணம், ஸ்கேல் அதைக் காட்டாது.

கரையில, அதாவது நெசவுலயே வர்ற துணியோட பக்க ஓரத்துல, அரை இஞ்ச் கத்தரிச்சு, குறுக்குநூல் ஒண்ணை மெதுவா உருவுங்க. துணி லேசா சுருங்கிக்கிட்டே போய் மெல்லிசா ஒரு கோடு விழும். வெட்டவேண்டியது அந்தக் கோட்டுலதான். நூல் பாதியில அறுந்தா கோடு நின்ன இடம் வரை வெட்டி, அங்கிருந்து இன்னொரு நூலைப் பிடிங்க. அப்புறம் கரையோட கரை சேர்த்து மடிச்சுப் பார்த்தா மூலை சேரலையா? குட்டையா இருக்கிற எதிரெதிர் மூலைகளை ரெண்டு பேர் பிடிச்சு இழுக்கணும். பிரின்ட் துணியில டிசைனே இழையைவிட்டு ஓடியிருக்கும். அரை இஞ்ச் வரைக்கும்னா டிசைனைப் பார்த்து வெட்டுங்க, அதுக்கு மேலன்னா திருப்பிக் கொடுத்துடுங்க.

கேட்கலைன்னாலும் சொல்லிடறேன். ஓரம் சுருக்கு விழுந்தா பாதி நேரம் காரணம் கரைதான், அது உடல்துணியைவிட இறுக்கம். வெட்டி எறிங்க, இல்லைன்னா 3 இஞ்ச்சுக்கு ஒரு கத்தரிப்பு கொடுங்க. தையல் நீளம் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது, மேல்நூல் டென்ஷன் ஒரு படி தளர்வு. காட்டனுக்கு 14-ம் நம்பர் ஊசி, நெட்டுக்கு (மெல்லிசான வலைத்துணி) 11, கனத்த பிளாக்அவுட்டுக்கு (வெளிச்சத்தை மறைக்க கோட்டிங் போட்ட துணி) 16. டிசைன் 24 இஞ்ச்சுக்கு ஒருதடவை திரும்பி வந்தா 102 பத்தாது, பேனலுக்கு 120 வாங்கணும். மிஞ்சுற 18 இஞ்ச் குஷன் உறைக்கு ஆச்சு.

இருட்டறை
பிளாக்அவுட்ல குண்டூசி குத்தாதீங்க, தையலைப் பிரிக்காதீங்க. கோட்டிங்ல விழுந்த ஓட்டை மூடாது. காலையில வெயில் அடிச்சதும் பழைய தையல் கோடு முழுக்க நட்சத்திரம் மாதிரி மின்னும். கிளிப் போட்டு தைங்க. கோட்டிங் பக்கம் நேரா அயர்ன் வெச்சா ஒட்டிக்கும்.

ஊசிமுனை
நூல்பிடி அண்ணே, எல்லாத்துக்கும் கரையை வெட்டச் சொல்லாதீங்க. நெட்ல இருக்கிற கரைதான் பிரியாத ஓரம். அதை வெட்டி மடிச்சு அடிச்சா அந்தப் பட்டி மட்டும் தடிமனா, இருட்டாத் தெரியும். சுருக்கு இல்லைன்னா அப்படியே விடுங்க.

அப்புறம் ரிங் ஓட்டை பத்தி யாருமே பேசல. உள்வட்டத்தை வரைஞ்சு அதைவிட 2–3 மி.மீ. மட்டும் பெரிசா வெட்டணும். வெளிவட்டத்துல வெட்டினா ரிங்கோட பல் கடிக்கத் துணியே இருக்காது, இழுக்கிற இழுப்புல ரிங் கையோட வந்துடும்.

மாடிவீடு
தரை மட்டமா இருக்குன்னு நம்பி கீழ்மடிப்பை அடிச்சுடறாங்க. கம்பியிலிருந்து தரை வரை இடது, நடு, வலதுன்னு மூணு இடத்துல அளந்து பாருங்க. பழைய ரெட் ஆக்சைடு தரையில ஒரு இஞ்ச் வித்தியாசம்கூட வரும். கனத்த காட்டன், லினன் ரெண்டும் தன் எடைக்கே இறங்கும். அதனால தலைப்பட்டியை முடிச்சு, கீழ் ஓரத்தை டாக்கா (அப்புறம் பிரிச்சுடற தற்காலிகத் தையல்) மட்டும் போட்டு ரெண்டு நாள் தொங்க விடுங்க. அப்புறம் அங்கேயே சாக்பீஸால குறி வெச்சு இறக்கி அடிங்க. தரைக்கும் துணிக்கும் அரை இஞ்ச் போதும், தினம் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற வீடுன்னா ஒரு இஞ்ச்.