பெரியப்பாவின் 68

பெரியப்பா: இன்று காலை வெறும் வயிற்றில் சுகர் 68. மாத்திரையை மாற்றவில்லை, சாப்பாட்டையும் குறைக்கவில்லை, தானாகவே இறங்கிவிட்டது. எல்லோரும் கை தட்டுங்கள் 😄

செல்வி அத்தை: 👏👏 அண்ணா, கண் பட்டுவிடப் போகிறது

ரேவதி: கை தட்டுவதை அப்புறம் பார்ப்போம். 70க்குக் கீழே வந்தால் அது லோ சுகர், பெரியப்பா. முதலில் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பாருங்கள். ராத்திரி வியர்த்ததா?

பெரியப்பா: குடித்துவிட்டேன்மா. விடியற்காலையில் பனியனே நனைந்துவிட்டது, புழுக்கம் என்று நினைத்தேன்.

ரேவதி: மாத்திரை அட்டை, கடைசி கிட்னி ரிப்போர்ட் இரண்டையும் படம் எடுத்துப் போடுங்கள்.

பெரியப்பா: 📷 📷

ரேவதி: ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் 1.9, கிட்னி வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 38, கிட்னி தளர்ந்திருக்கிறது. இதுவும் 8 மாதம் பழசு! இந்த அளவில் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

முரளி: சுகர் குறைந்தால் நல்லதுதானே அக்கா?

ரேவதி: கிட்னி சரியில்லாதவர்களுக்குக் காரணமில்லாமல் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும்டா. இன்சுலினையும் பல மாத்திரைகளையும் உடம்பிலிருந்து வெளியேற்றுவதில் கிட்னிக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அது தளர்ந்தால் அதே டோஸ் கூடுதல் நேரம் வேலை செய்யும். பெரியப்பா போடும் கிளிபென்கிளமைடு அந்த வகைதான், கிட்னிக்காரர்களுக்கு இதைத் தவிர்க்கத்தான் சொல்வார்கள். சர்க்கரை குடித்து ஏறினாலும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம், அதனால் இன்று தனியாக இருக்க வேண்டாம்.

பெரியப்பா: இப்போது 104.

ரேவதி: சரி, உடனே ஏதாவது சாப்பிடுங்கள். டாக்டரிடம் கேட்காமல் காலை மாத்திரையைத் தொடாதீர்கள். இன்னொரு சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 2000 மி.கி. போடுகிறீர்கள், அதையும் கேளுங்கள். இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே போனால் பொதுவாகப் பாதியாக்குவார்கள், 30க்குக் கீழே போனால் நிறுத்தியே விடுவார்கள், இல்லாவிட்டால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் ஆபத்து உண்டு.

செல்வி அத்தை: எனக்குச் சுகருக்கு டபாகிளிஃப்ளோசின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நிறுத்திவிடவா?

ரேவதி: ஐயோ வேண்டாம் அத்தை! அது கிட்னியைக் காப்பாற்றவும் கொடுப்பது. ஆரம்பித்த புதிதில் இஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்கும், அதைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் வாந்தி, பேதி வந்து சாப்பிட முடியாமல் போனால் அன்றே டாக்டரைக் கூப்பிட்டு நிறுத்தி வைக்கலாமா என்று கேளுங்கள். இந்த மாத்திரையில் சுகர் நார்மலாகக் காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடலாம்.

பெரியப்பா: மூன்று மாத சராசரி 6.2 என்று நன்றாகத்தானே வந்தது?

ரேவதி: ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 9 இருக்கிறதே. கிட்னி நோயில் ரத்தசோகை சேர்ந்தால் அந்தச் சராசரி உள்ளதைவிடக் குறைவாகக் காட்டலாம், வீட்டு மெஷின் அளவுகளையும் எழுதி எடுத்துப் போங்கள். ஆமாம், படத்தில் ஓரமாக டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை அட்டை தெரிகிறதே, அது யாருக்கு?

பெரியப்பா: முழங்காலுக்கு… அவ்வப்போதுதான்

ரேவதி: பெரியம்மா, அதை எடுத்து ஒளித்து வையுங்கள் 😡 கிட்னிக்கு அது ஆகவே ஆகாது.

பெரியம்மா: குப்பைக்கே போய்விட்டது. டாக்டர் 11 மணிக்கு வரச் சொல்லிவிட்டார், முரளி, நீ வண்டியை எடுத்துக்கொண்டு வா.