சிசேரியனில் பிறந்த பிள்ளைக்கு 14 வயதில் இவ்வளவு கோபமும் பதற்றமும் வருமா?

தங்கச்சிமடம் அம்மா:
மூத்தவள் சுகப்பிரசவம், சின்னவன் ஆபரேஷன். சின்னவனுக்கு இப்போது 14 வயது. கொஞ்ச நாளாக ஆளே மாறிவிட்டான். எடுத்ததற்கெல்லாம் கோபம், ராத்திரி தூக்கம் இல்லை, பரீட்சை என்றால் கை நடுங்குகிறது. "வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை, அதான் பொறுமை இல்லை" என்று மாமியார் வருகிறவர்கள் முன்னாலேயே சொல்கிறார். யூடியூப்பில் ஒருவர் சிசேரியன் பிள்ளைகளுக்கு மனப் பிரச்சினை அதிகம் என்று பேசியதைக் கேட்டதிலிருந்து எனக்கும் நிம்மதி போய்விட்டது. பனிக்குடம் உடைந்து ராமநாதபுரத்துக்கு ஓடினோம், பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்றுதான் ஆபரேஷன் பண்ணினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கணுமா?

மண்டபம் நர்ஸ்:
சொல்லியிருக்கவே கூடாது அக்கா. துடிப்பு இறங்குகிறது என்றால் பிள்ளைக்கு ஆக்சிஜன் போதவில்லையோ என்று பயப்பட வேண்டிய நேரம், தாமதித்தால் மூளைக்குத்தான் கேடு. அந்த ஆபரேஷன் அவன் மூளையைக் காப்பாற்றப் பண்ணியது.

அந்த வீடியோக்காரர் சொன்னதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 2019-இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சிசேரியனில் பிறந்தவர்களிடம் ஆட்டிசத்துக்கான வாய்ப்பு சுமார் 33 சதவீதமும், ஓரிடத்தில் உட்கார முடியாமல் கவனம் சிதறுகிற கவனக்குறைவு-மிகைத்துடிப்புக்கான (ADHD) வாய்ப்பு சுமார் 17 சதவீதமும் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் சிசேரியன் யாருக்கு நடக்கிறது என்று பாருங்கள்: பிரஷர் ஏறிய அம்மாவுக்கு, சர்க்கரை உள்ளவருக்கு, குறைமாதத்தில் வலி வந்தவருக்கு. அந்தக் காரணங்களே பிள்ளையைப் பாதிக்கலாம், பழி மட்டும் கத்திமேல் விழுகிறது. சுவீடனில் 1982 முதல் 2010 வரை பிறந்த சுமார் 27 லட்சம் பிள்ளைகளை வைத்துப் பார்த்த ஆட்டிசம் ஆய்வு 2015-இல் வந்தது. மொத்தமாகப் பார்த்தபோது சிசேரியன் பிள்ளைகளிடம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. ஒரே தாய் வயிற்றில் ஒன்று சிசேரியன், ஒன்று சுகப்பிரசவம் என்று உங்கள் வீடு மாதிரி உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டதும் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது.

அப்புறம், ஆட்டிசம், கவனக்குறைவு-மிகைத்துடிப்பு இரண்டும் சின்ன வயதிலேயே தலைகாட்டுகிறவை. இவ்வளவு நாள் நன்றாக இருந்த பையன் திடீரென்று மாறினால் இப்போது என்ன நடக்கிறது என்றுதான் பார்க்கணும்.

கீழக்கரை வாப்பா:
நர்ஸ் அம்மா சொல்வது சரி, ஆனாலும் ஒரேயடியாக ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் அதைவிட எவ்வளவோ கூடுதல். இத்தனையும் அவசியமா? என் மனைவிக்கு ஆபரேஷன் முடிந்து எழுந்து உட்காரவே முடியவில்லை, தாய்ப்பால் தாமதமாகித்தான் வந்தது, பல நாள் காரணமே சொல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். தாயின் மனசு அப்படி இருந்தால் பிள்ளையைத் தொடாதா? சிசேரியன் பிள்ளையின் வயிற்றில் நல்ல கிருமிகள் சேர்வது மாறிப்போகிறது என்றும் சொல்கிறார்களே?

மண்டபம் நர்ஸ்:
தொடும் அண்ணே, அதை நான் மறுக்கவே இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால் பிள்ளையையும் பாதிக்கும். சுகப்பிரசவத்திலும் அது வரும், மருந்தும் ஆதரவும் கிடைத்தால் சரியாகும். கிருமிகளைப் பொறுத்தவரை, ஆபரேஷனில் பிறந்த குழந்தைக்கு முதலில் தோலில் உள்ள வகைகள் சேர்கின்றன, உண்மைதான். ஆனால் தாய்ப்பாலும் அப்புறம் சோறும் சேரச் சேர அந்த வித்தியாசம் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. 14 வயதுக் கோபத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட ஆதாரம் இல்லை. தேவையில்லாத சிசேரியனை எதிர்க்கணும், அதற்காகத் தேவைப்பட்டுப் பண்ணிக்கொண்ட தாயை நோகடிக்கக் கூடாது.

பாம்பன் டீச்சர்:
இவன் வயதுப் பிள்ளைகள் பிறந்த காலத்திலேயே நம் மாநிலத்தில் மூன்றில் ஒன்று சிசேரியன். வகுப்பில் யார் எப்படிப் பிறந்தார்கள் என்று குணத்தை வைத்து என்னால் சொல்லவே முடியாது. ஆனால் யாருடைய அப்பா கடலில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். விசைப்படகு போயிருக்கிற நாளில் ஆபீஸ் உதவியாளர் வகுப்பு வாசலுக்கு வந்தாலே அந்தப் பையன்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அம்மா, உங்கள் வீட்டுக்காரர் கடல்தொழிலா? சமீபத்தில் ஏதாவது நடந்ததா?

தங்கச்சிமடம் அம்மா:
ஆமாம் டீச்சர். போன வருடம் இலங்கைப் பக்கம் பிடிபட்டு, சிறையில் இருந்துவிட்டு வந்தார். படகு இன்னும் வரவில்லை, இப்போது வேறொருவர் படகில் போகிறார். அதற்கப்புறம்தான் இவன் இப்படி. அவர் கிளம்புகிற ராத்திரி எல்லாம் மொட்டை மாடியில்தான் இருப்பான், கூப்பிட்டால் சண்டை.

மண்டபம் நர்ஸ்:
அக்கா, இதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அதற்கு முன்னால் பேசிப் பார்க்கணும் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். எவ்வளவு நாளாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு எப்படி, தன்னை வருத்திக்கொள்கிற மாதிரி ஏதாவது பேசினானா என்று கேட்பார்கள், ஒளிக்காமல் சொல்லுங்கள். அப்படி ஏதும் பேசியிருந்தால் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கூட்டிப்போங்கள். இல்லையென்றால் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.